அமெரிக்காவின் 1920களைச் சுயகற்றலுக்குத் தள்ளாதீர்கள்: வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டுக்கென்று தாங்கள் வெளியிட்டுள்ள வரைவுப் பாடத்திட்டத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு என்னும் தாளின் நான்காம் அலகைப் படித்தேன். பழைய பாடத்திட்டத்தில் அவ்விடத்தில் '1920களின் சமூக, பண்பாட்டு மாற்றங்கள்' என்று ஒரு தனித் தலைப்பு இருந்தது. மதுவிலக்கு, பெண்கள் வாக்குரிமை, குடியேற்றச் சட்டங்கள், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான், ஸ்கோப்ஸ் வழக்கு, ஹார்லெம் மறுமலர்ச்சி (நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்தவரிடையே எழுந்த கலை, இலக்கிய எழுச்சி) ஆகியவை அதன் உட்தலைப்புகளாக இருந்தன. வரைவில் அவை அனைத்தும் போய், 'ஹார்டிங், கூலிட்ஜ், ஹூவர் ஆட்சிகள் – 1929 பங்குச் சந்தைச் சரிவு – பெருமந்தம்' என்ற ஒரே வரி நிற்கிறது. அந்த வரியின் வாலில், அப்பத்தாண்டைக் கறுப்பினத்தவரின் ஜாஸ் இசையின் பெயரால் சுட்டி, 'ஜாஸ் காலம் – சுயகற்றலுக்கு மட்டும்' என்று சேர்த்திருக்கிறீர்கள். சுயகற்றலுக்கு விட்ட பகுதியிலிருந்து தேர்வில் வினா வராது என்பதும், வினா வராத பகுதியை நம் கல்லூரிகளில் எவரும் நடத்துவதில்லை என்பதும் குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆகவே இதை நீக்கம் என்றே கொண்டு எழுதுகிறேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குச் சென்று வந்த என் முன்னாள் சக ஆசிரியர்கள், குழுவின் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களை எனக்குத் தெரிவித்தார்கள். பாடச்சுமை குறைய வேண்டும் என்பது ஒன்று. அதில் எனக்கு மறுப்பில்லை. போட்டித் தேர்வுகளுக்கு இப்பகுதி உதவாது என்பது மற்றொன்று. ஹார்டிங்கைப் பற்றிப் போட்டித் தேர்வில் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை, அந்த அளவுகோலை வைத்தால் தாளையே எடுத்துவிட வேண்டியிருக்கும். இவற்றுக்குப் பிறகு சொல்லப்பட்டதுதான் என்னை இம்மடலை எழுத வைத்தது. அந்தப் பத்தாண்டின் அரசியலும் பொருளாதாரமும் போதும், நடனமும் குட்டைப் பாவாடையும் கள்ளச்சாராயமும் பட்டப்படிப்பு மாணவருக்கு எதற்கு என்று கூட்டத்தில் கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவர் யார் என்பது எனக்கு முக்கியமில்லை. குழுவிலிருந்து ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை என்பதே வருத்தம் தருகிறது.

தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில், ஓய்வு பெறும் வரை இந்தத் தாளைத் தமிழ்வழி மாணவர்களுக்கு நடத்தியவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: 1920களின் அமெரிக்காவில் சமூகத்தை ஒதுக்கிவிட்டு அரசியலை மட்டும் நடத்த முடியாது. முயன்றால் மூன்று குடியரசுத் தலைவர்களின் பெயர்களும் பதவிக்காலமும்தான் மிஞ்சும். அவற்றை மனப்பாடம் செய்ய வகுப்பறையே தேவையில்லை.

தாங்கள் தக்கவைத்துக்கொள்ள விரும்பும் அரசியலிலிருந்தே தொடங்குகிறேன். 1920ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அமெரிக்க வரலாற்றில் முதல்முறையாக, நகரங்களில் வாழ்வோர் பாதிக்கு மேல் என்று தெரியவந்தது. 2,500 பேர் வாழும் ஊரையும் நகரம் என்று எண்ணிய கணக்கு அது என்பதை மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்; நம்மூர் அளவில் அது ஓர் ஊராட்சிதான். ஆயினும் மாற்றம் மெய்யானது. மோட்டார் தொழிற்சாலைகள் பெருகிய டெட்ராய்ட் நகரத்தின் மக்கள்தொகை 1910க்கும் 1920க்கும் இடையில் இரு மடங்குக்கு மேலாகி ஏறத்தாழ 10 லட்சத்தைத் தொட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து அதன்படி நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்பின் ஏற்பாடு. 1920 கணக்கெடுப்புக்குப் பின் அதைச் செய்யவே இல்லை. இத்தாலியரும் போலந்துக்காரரும் யூதரும் நிறைந்த நகரங்களுக்கு இடங்களைக் கூட்டிக் கொடுக்கக் கிராமப்புற உறுப்பினர்களுக்கு மனம் வரவில்லை, இழுத்தடித்தார்கள். 1929இல்தான் புதிய பங்கீட்டுக்குச் சட்டம் வந்தது, அதுவும் அடுத்த கணக்கெடுப்பிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முழுவதும் அமெரிக்கச் சட்டங்களை இயற்றிய சபை 1910ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. தொகுதி மறுவரையறையைப் பற்றி நம் நாளிதழ்களில் அன்றாடம் வாதம் நடக்கும் காலத்தில், எந்த மாணவருக்கு இது தொலைதூரச் செய்தியாகப் படும்? காரணங்களும் அரசமைப்பு ஏற்பாடுகளும் இரு நாட்டிலும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை விளக்குவதற்கே ஒரு வகுப்பு போதாமல் போயிருக்கிறது.

அதே சபைதான் 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 1921இல் இயற்றிய அவசரச் சட்டம், 1910 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவிலிருந்த ஒவ்வொரு நாட்டவரின் எண்ணிக்கையில் 3 விழுக்காட்டினரை ஆண்டுதோறும் அனுமதித்தது. 1924இல் அதை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதைவிடத் தந்திரமாக, கணக்குக்கு அடிப்படையான ஆண்டை 1890க்குப் பின்தள்ளினார்கள். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் பெருந்திரளாக வந்திறங்கும் முன்பிருந்த ஆண்டு அது. விளைவாக இத்தாலிக்குரிய இடங்கள் 42,057இலிருந்து 3,845 ஆகச் சுருங்கின. குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்ற பிரிவின் மூலம் ஜப்பானியருக்கும் கதவு மூடப்பட்டது. இந்தியருக்கு அது 1917ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மூடப்பட்டிருந்தது. இந்த நாட்டுவாரி ஒதுக்கீடு 1965 வரை நீடித்தது. இன்று நம் மாணவர் வீடுகள் பலவற்றுக்கு அமெரிக்காவில் ஒரு மாமாவோ அத்தையோ சித்தப்பாவோ இருக்கிறார். அவர்கள் ஏன் 1965க்குப் பிறகே அங்கே போக முடிந்தது என்பதற்கு விடை தாங்கள் நீக்கிய உட்தலைப்பில் இருக்கிறது.

பகத்சிங் திந்த் வழக்கை நான் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடத்திவந்தேன். பஞ்சாபில் பிறந்த சீக்கியரான அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அன்றைய சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். 1922 நவம்பரில் தகாவோ ஓசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. அப்படியானால் அன்றைய இனவியல் நூல்களின்படி நானும் காக்கேசியன்தானே என்று திந்த் வாதிட்டார். மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், இனவியலார் சொல்வது கணக்கில்லை, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்று அதே நீதிமன்றம் முடிவு கூறிவிட்டது. இதோடு நிறுத்தினால் திந்த் வெறும் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். அவர் தரப்பு முன்வைத்த வாதத்தில் இன்னொன்றும் இருந்தது: உயர்சாதி இந்து, இந்தியாவின் பழங்குடிகளோடு மண உறவு கொள்வதில்லை, கறுப்பரை அமெரிக்க வெள்ளையர் எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே அவர்களைப் பார்க்கிறார், ஆகையால் அவர் குருதி கலப்பற்றது. சாதிப் பெருமையைச் சான்றாக நீட்டி வெள்ளையராக முயன்று, அதையும் மறுக்கப்பெற்ற ஒருவரின் வழக்கு இது. இதை நடத்திய நாட்களில் வகுப்பு மணியடித்தும் கலைந்ததில்லை. மாணவர்கள் தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டே வெளியேறுவார்கள். சில ஆண்டுகளில் வாதம் சண்டையாகவும் போயிருக்கிறது, நான் நடுவில் நிற்க வேண்டியிருந்தது.

தீர்ப்போடு வழக்கு முடியவும் இல்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்திவந்த வைஷ்ணோ தாஸ் பகாய், 1921இல் குடியுரிமை பெற்று, பின்னர் அதை இழந்து, 1928இல் தற்கொலை செய்துகொண்டார். அதற்கான காரணத்தைச் செய்தித்தாளுக்குக் கடிதமாக எழுதி வைத்துவிட்டுச் சென்றார். திந்த், போர்வீரர்களுக்கென்று பின்னால் வந்த சட்டத்தின் வழியே 1936இல்தான் குடியுரிமை பெற்றார்.

பெண்கள் வாக்குரிமையை இதனோடு சேர்த்து நடத்தினால்தான் அது பொருள்படும். 1920 ஆகஸ்டில் 19ஆம் திருத்தம் நிறைவேறியது என்பது இரண்டு மதிப்பெண் விடை. ஆனால் தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு, அவர்களின் கணவர்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் போலவே, வாக்குச்சாவடி அதன்பின்னும் எட்டாத இடமாகவே இருந்தது. 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் கணவர் குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தவராக இருந்தால் அவள் அதை இழப்பாள் என்றும் அதே சட்டம் சொன்னது. திந்த் தீர்ப்புக்குப் பிறகு, இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண் சொந்த நாட்டிலேயே அயலாள் ஆனாள். "வாக்குக் கொடுத்த கையால குடியுரிமையைப் புடுங்கிட்டாங்களா மேடம்?" என்று முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் கொடுத்த விடையைவிட அவள் கேள்வி தெளிவாக இருந்தது. கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி அந்தப் பத்தாண்டில் ஏன் அவ்வளவு ஆத்திரத்தோடு எழுதினார்கள் என்பதும் அவளைப் போன்றவர்களுக்கு விளக்காமலே புரிந்தது.

மதுவிலக்கைக் கேளிக்கைச் செய்தியாக எண்ணியது குழுவின் பெரும்பிழை என்று துணிந்து சொல்வேன். அமெரிக்க அரசமைப்பில் சேர்த்துப் பின் நீக்கப்பட்ட ஒரே திருத்தம் 18ஆம் திருத்தம். 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் ஒழிந்தது. அது குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. காய்ச்சுவதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும்தான் தடை செய்தது. இந்த ஒரு செய்தியைக்கூட நம் கடைகளில் விற்கும் கையேடுகள் சரியாகச் சொல்வதில்லை. அதன் பின்னால் நின்றவர்கள் ஒரே வகையினர் அல்லர். குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிய பெண்களின் இயக்கம் இருந்தது; நிதானமான தொழிலாளி வேண்டிய ஆலை முதலாளிகள் இருந்தார்கள்; புராட்டஸ்டண்ட் தேவாலயங்களைத் திரட்டிய சாராயக்கடை எதிர்ப்புக் கழகம் இருந்தது; பீர் வடிக்கும் ஜெர்மானியர் மீதும், ஒயின் அருந்தும் இத்தாலியக் கத்தோலிக்கர் மீதும் வெறுப்பு இருந்தது. பணத்தின் கணக்கு இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது. மத்திய அரசின் வருவாயில் கணிசமான பங்கு மது வரியிலிருந்து வந்துகொண்டிருந்த வரை மதுவிலக்கு பேச்சாகவே இருந்தது. 1913இல் வருமான வரிக்கு அரசமைப்பு இடம் கொடுத்த பிறகே அது சாத்தியமானது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தில் வருமான வரி வற்றியபோது மதுவிலக்கும் போயிற்று.

நம் மாணவர்களுக்கு இதை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்று தேட வேண்டியதே இல்லை. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்ததும், இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியைப் புகுத்தியதும் இதே இளங்கலைப் படிப்பின் தமிழக வரலாற்றுத் தாளில் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து நடத்திய பருவத்தில், அரசு வருவாயும் அறமும் மோதும் இடத்தை மாணவர்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள். அப்பாவின் குடியால் சிதைந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர் என்பது தங்களுக்குத் தெரியும். மதுவிலக்கு வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலோர் உறுதியாக நம்பினார்கள். அமெரிக்காவில் தொடக்க ஆண்டுகளில் குடி மெய்யாகவே குறைந்ததையும், பிறகு கள்ளக் கடைகள் பெருகியதையும், மருத்துவர் சீட்டில் விஸ்கி விற்றதையும், தொழிற்சாலைச் சாராயத்தில் அரசே கடுமையான நஞ்சைச் சேர்க்கச் சொன்னதால் அதைக் குடித்தவர்கள் மாண்டதையும் அவர்களிடம் சொன்னேன். எந்தப் பக்கமும் நான் சாயவில்லை. விவாதத்தின் இறுதியில் சிலர் கருத்தை மாற்றிக்கொண்டார்கள், சிலர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லோரும் காரணம் சொல்லப் பழகினார்கள். வரைவில் 'கற்றல் அடைவுகள்' என்று நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறீர்களே, அதில் 'திறனாய்வுச் சிந்தனை' என்று எழுதியிருப்பது இதைத்தானே?

பொருளாதாரத்துக்கு வருகிறேன். பங்குச் சந்தைச் சரிவை வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய வாழ்க்கையை நீக்கியிருக்கிறீர்கள். 1908இல் 850 டாலருக்கு விற்ற ஃபோர்டின் மாடல் டி கார் 1920களின் நடுவில் 300 டாலருக்குக் கீழே வந்தது. பதிவு செய்த கார்கள் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 80 லட்சத்திலிருந்து 2.3 கோடியாகப் பெருகின. அவற்றில் பாதிக்கு மேல் தவணையில் வாங்கியவை. வானொலிப் பெட்டியும் சலவை இயந்திரமும் அப்படியே வீடு வந்தன. இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் அக்காலத்தில் தங்கி ஆய்வு செய்த லின்ட் தம்பதியர், உடுப்பைக் குறைத்துக்கொண்டாலும் காரை விடமாட்டோம் என்ற குடும்பங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபுறம் 1930இலும் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. போர் முடிந்ததும் விளைபொருள் விலை விழுந்து உழவர்கள் கடனில் தத்தளித்தபோது, அவர்களுக்கு விலை ஆதரவு தரும் சட்டமுன்வடிவைக் கூலிட்ஜ் 1927இலும் 1928இலும் தம் தடையதிகாரத்தால் நிறுத்தினார். தவணை கட்டும் நகரத்தையும் விலை கிடைக்காத கிராமத்தையும் பாராமல், 1929 அக்டோபரில் பங்குகள் சரிந்தன என்று தொடங்கினால், ஏதோ இடி விழுந்து நாடு எரிந்ததுபோல் மாணவர் நினைப்பார். எங்கள் பகுதியில் வண்டி, கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் தவணைதான். தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதை என் மாணவர்கள் எனக்கே சொல்லித் தருவார்கள். பெருமந்தத்தின் காரணங்களைக் கேட்ட பத்து மதிப்பெண் வினாவுக்கு, கையேட்டின் ஏழு காரணங்களை அப்படியே எழுதாமல் சொந்த நடையில் எழுதிய விடைத்தாள்கள் இந்தப் பகுதியை முழுமையாக நடத்திய ஆண்டுகளில்தான் எனக்குக் கிடைத்தன.

சுயகற்றலுக்கு விட்ட 'ஜாஸ் கால'த்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க் காலம் முதல் 1930க்குள் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு அவர்கள் இசையும் போயிற்று. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1922இல் சிகாகோ போய்ச் சேர்ந்தார். ஹார்லெமில் லாங்ஸ்டன் ஹியூஸும் ஸோரா நீல் ஹர்ஸ்டனும் எழுதினார்கள். மார்கஸ் கார்வி அங்கிருந்துதான் கறுப்பின மக்களின் மாபெரும் இயக்கத்தை நடத்தினார். அதே ஹார்லெமில், கள்ள மதுவில் பணம் சேர்த்த ஓனி மேடன் நடத்திய காட்டன் கிளப்பில், 1927 டிசம்பர் முதல் டியூக் எல்லிங்டனின் ஜாஸ் இசைக்குழு வாசித்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். மேசைகளில் வெள்ளையர் மட்டும். "வாசிக்க வரலாம், கேக்க வரக் கூடாதா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன். எங்க தாத்தா கோயில் கொடைக்கு மேளம் அடிப்பாரு, பந்தியில உக்கார விடமாட்டாங்க என்று அவனே தொடர்ந்தான். அந்த மாணவன் மூன்றாம் ஆண்டில் எழுதிய ஆய்வறிக்கை 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பினத்தவரின் கிரீன்வுட் பகுதி எரிக்கப்பட்டதைப் பற்றியது. முப்பத்தைந்து தெருப்பகுதிகள் சாம்பலான அந்நிகழ்வைப் பல ஆண்டுகள் அமெரிக்கப் பாடநூல்களே பேசாமல் இருந்தன. அவன் இன்று ஒரு பள்ளியில் வரலாற்றாசிரியர்.

கு கிளக்ஸ் கிளானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1920களின் கிளான் தெற்கின் இருட்டுக் காடுகளில் ஒளிந்திருந்த கூட்டமன்று. பல லட்சம் உறுப்பினர்களோடு இண்டியானா, ஒரிகன் போன்ற மாநிலங்களின் அரசியலைப் பிடித்திருந்த, கறுப்பினத்தவரோடு கத்தோலிக்கரையும் யூதரையும் குறிவைத்த, 1925 ஆகஸ்டில் தலைநகரின் பெருவீதியில் பட்டப்பகலில் ஊர்வலம் போன அமைப்பு. 1924இல் ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில் அதன் பெயரைச் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்றது; வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. கூலிட்ஜ் அவ்வாண்டு எளிதாக வென்றதற்கு இது ஒரு காரணம். கூலிட்ஜை வைத்துக்கொண்டு கிளானை நீக்கினால் அந்த வெற்றியை எப்படி விளக்குவது?

1925 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் டேட்டனில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கை இந்தக் குழுவே நீக்கியது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறிய இளம் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்த வழக்கு அது. அறிவியலுக்கும் மூடநம்பிக்கைக்கும் நடந்த போர் என்று கையேடுகள் முடித்துவிடும். அந்த ஆசிரியர் பயன்படுத்திய உயிரியல் நூலைப் பள்ளிகளுக்குப் பாடமாக வைத்திருந்தது அதே மாநில அரசு. அந்த நூலில் பரிணாமத்தோடு மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தும் பகுதியும் 'தகுதியுள்ளோர்' மட்டுமே பெருக வேண்டும் என்னும் நல்லினப் பெருக்கம் பேசும் பகுதியும் இருந்தன. இரண்டாண்டு கழித்து, 'தகுதியற்றவர்' என்று அரசு கருதுவோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பக் எதிர் பெல் தீர்ப்பையும் சேர்த்து வைத்தால், யார் முற்போக்கு, யார் பிற்போக்கு என்பது அவ்வளவு எளிதாகப் பிரியாது. வகுப்பறையில் எது இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது என்ற கேள்விதான் டேட்டனில் வழக்காடப்பட்டது. ஒரு பாடத்திட்டக் குழு தவிர்க்கக் கூடாத பகுதி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. நான்காம் அலகில் '1920களின் சமூக, பண்பாட்டு மாற்றங்கள்' என்ற தலைப்பை அதன் உட்தலைப்புகளோடு திரும்பச் சேர்த்து, குறைந்தது பத்து வகுப்பு மணிநேரம் ஒதுக்குங்கள். திந்த் வழக்கையும் 1924ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், இல்லையேல் அவை நடத்தப்படா. பாடச்சுமையைக் குறைக்க வேண்டுமானால் மூன்று குடியரசுத் தலைவர்களின் ஆட்சிகளை ஒரே வகுப்பில் முடித்துவிடலாம். முந்தைய அலகில் உள்ள உள்நாட்டுப் போர்க்களங்களின் நீண்ட பட்டியலையும் பாதியாக்கலாம். 'சுயகற்றலுக்கு மட்டும்' என்ற குறிப்பை எடுத்துவிட்டு, இத்தலைப்பிலிருந்து ஒரு பத்து மதிப்பெண் வினா ஒவ்வொரு பருவத் தேர்விலும் இடம்பெறும் என்று வினாத்தாள் அமைப்பில் எழுதுங்கள்.

வரைவின் பார்வை நூல் பட்டியலில் தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. 18, 19ஆம் திருத்தங்கள், மதுவிலக்கை நீக்கிய 21ஆம் திருத்தம், 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், ஓசாவா, திந்த் தீர்ப்புகள் ஆகியவை அமெரிக்க அரசின் ஆவணங்கள். அவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. அவற்றைத் தமிழாக்கி ஒரு சிறு தொகுப்பாகப் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடுங்கள். அப்பணியை ஊதியமின்றிச் செய்து தர நானும் ஓய்வு பெற்ற சில ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். குழு ஒப்புதல் கொடுத்தால் பருவம் தொடங்கும் முன் கையெழுத்துப் படியை ஒப்படைப்போம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் தமிழ்வழியில் இத்தாளை நடத்துவோர் மிகச் சிலரே என்று அறிகிறேன். கல்விப் பேரவை இந்த வரைவை எடுத்துக்கொள்ளும் முன், இணைப்புக் கல்லூரிகளில் இத்தாளை இப்போது நடத்திவரும் ஆசிரியர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். மாணவர் சிலரையும் அழையுங்கள். நீக்கம் தொடர்வதாகக் குழு முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை எழுத்து வடிவில், குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்போடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்றுத் துறை இணைப் பேராசிரியர்